சிவப்பு நூல் கட்டிய ஸ்விட்ச்

துணி பின்னும் நிட்டிங் ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். ஊசி ஆயிலும் பஞ்சுத் தூசியும் கலந்த வாசனை அதன் இடுக்கு வழியே நாள் முழுக்க வரும். காலையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் வெள்ளையாகப் பஞ்சு உதிரும்...

படித்து முடித்ததும் சேர்ந்த முதல் வேலை. காதர்பேட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பனியன் கம்பெனி. கம்ப்யூட்டர் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான். மதியம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரைப் பற்றிப் பேசுவார்கள். தையல் பிரிவுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் தென்காசிப் பக்கத்துக் கதை பேசுவார்கள். எனக்கு இரண்டிலும் இடம் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

கோடு போட்ட துணிக்கு எந்த நிறம் எத்தனை சுற்று என்று அப்போது கையால்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்று நானாகத்தான் முதலாளியிடம் சொன்னேன். படம் வரைய ஒரு லைப்ரரி வேண்டும். யாரோ எங்கோ எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்த நிரல்களின் தொகுப்பு. தயாராகக் கிடைத்தது எங்கள் பழைய டெஸ்க்டாப்புக்கு ஒத்துவரவில்லை. சோர்ஸை, அதாவது மூல நிரலை, கொண்டுவந்து அந்த மெஷினிலேயே ஓடும் வடிவத்துக்கு பில்ட் செய்தாக வேண்டும்.

ஒரு வாரம் முழுக்கத் திரையில் ‘அது இல்லை, இது இல்லை’ என்றே வந்தது. அது வேண்டுமென்றால் முதலில் இன்னொரு லைப்ரரி. அதற்கு மற்றொன்று. பிரௌசிங் சென்டருக்குப் போய் ஒவ்வொன்றாக ஃபிளாப்பியில் கொண்டுவருவேன். சந்தேகம் கேட்க ஊரிலேயே ஆள் கிடையாது.

முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார். “சனிக்கிழமைக்குள்ள படம் பேப்பர்ல வரோணுமுங்க அம்மிணி. இல்லீன்னா இந்த ரூமை சாம்பிள் ரூமாக்கிப் போடலாம். நீங்க மெர்ச்சண்டைசிங்ல ஒக்காந்துக்கலாமுங்க.”

அந்த அறை போனால் நான் படித்தது எதற்கும் அங்கே வேலை இல்லை என்று அர்த்தம்.

வியாழக்கிழமை காலை ஒருவழியாக பில்ட் ஓட ஆரம்பித்தது. எழுத்துகள் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தன. ஆறு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பு.

கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் இருந்தது. பழனிச்சாமி அண்ணன் வந்தால் தாங்க எதுவும் இல்லை.

அவர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஓடாத மெஷினுக்குக் கரண்ட் கொடுத்து வைப்பது அவர் ஹாலில் பெரிய குற்றம்.

“ஏனுங்க மேடம், மெஷின் நின்னு கெடந்துச்சு. ஆளையுங் காணோம். அதான் ஆஃப் பண்ணிப்போட்டனுங்க.”

“நிக்கலைங்கண்ணா. ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

“அசையவே இல்லீங்களே?”

“சில பெரிய ஃபைலுக்கு அப்படித்தானுங்கண்ணா. கொஞ்ச நேரம் எழுத்து ஏறாது. உள்ள ஓடும்.”

“எத்தன நேரம் ஓடோணுமுங்க?”

“ஆறு மணி நேரம்.”

“ஒரு முழம் துணி வெளிய வராம ஆறு மணி நேரமுங்களா?” என்றார். கிண்டலா, அனுதாபமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றுதான் நினைத்தேன். திடீரென்று அணைத்ததில் பாதி எழுதிய ஃபைல்கள் கெட்டிருந்தன. மாலை வரை சரிபார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கோபம் வந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பழனிச்சாமி அண்ணன் உள்ளே வந்தார். மேல் பாக்கெட்டிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, என் ஸ்விட்சில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். மெஷினுக்குள் கை விட்டு வேலை செய்யும்போது ஹால் ஸ்விட்சில் அவர் கட்டுவது அது. கட்டியவரே அறுக்கும் வரை அதை யாரும் தொடக்கூடாது. முதலாளிகூட.

“இனி ஒருத்தனும் தொடமாட்டானுங்க. நீங்க போய்ச் சாப்புடுங்க.”

நூலைப் பார்த்தவர்கள் எல்லோரும் அன்று கதவருகே நின்றார்கள். கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், டீ கொண்டுவருகிற அக்கா. எல்லோரிடமும் ஒரே கேள்வி.

“ஓடுதுங்களா?”

“ஓடுதுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கம்பெனியில் நான் அதிகம் பேசிய நாள் அதுதான்...

மாலை நாலரைக்கு முடிந்தது. பிழை இல்லை. அண்ணன் வந்து நூலை அறுத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார். சனிக்கிழமை மதியம் நீலமும் வெள்ளையுமாக முதல் கோடு பேப்பரில் வந்தது. முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “செரீங்க அம்மிணி, ரூம் இருக்கட்டும்” என்றார்.

அறை நிலைத்தது. திங்கட்கிழமை ஸ்விட்சில் நூல் இல்லை. கதவருகே யாரும் நிற்கவில்லை.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று எழுத மாட்டேன். அந்த லைப்ரரி இன்று ஒரு வரி தட்டினால், டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வந்துவிடுகிறது. நல்லதுதான். வேலையும் இப்போது வீட்டில்தான். மீட்டிங்கில் எல்லோரும் கேமராவை அணைத்தே வைத்திருக்கிறோம்.

போன வாரம் ஒரு பழைய ப்ராஜெக்டுக்காகப் பல வருடம் கழித்து மறுபடி சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய வேண்டி வந்தது. நாற்பது நிமிடம். நடுவில் திரை அசையாமல் நின்றபோது என்னை அறியாமல் கதவைப் பார்த்தேன்.

தையல் டப்பாவில் சிவப்பு நூல் இருந்தது. எடுக்கவில்லை. கட்டுவதற்கு, ஸ்விட்சை அணைத்துவிடக்கூடிய ஆள் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டுமே...