அந்த மாதத்து ஜனாதிபதி

சிவப்புக் கம்பளி நூலில் கோத்த பித்தளைச் சாவி அது. கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்கதவுச் சாவி. எல்லோரிடமும் ஒவ்வொரு சாவி இருந்தது. சிவப்பு நூல் கட்டியது மட்டும் மாதத்துக்கு ஒருவர் கழுத்தில் தொங்கும். அதை அணிந்திருப்பவர்தான் அந்த மாதம் வீட்டின் ஜனாதிபதி. மணி அடித்தால் கதவைத் திறப்பது, தொலைபேசியை எடுப்பது, வெளியாட்களோடு பேசுவது: இந்த மூன்றும்தான் அவர் வேலை. வேறு அதிகாரம் கிடையாது.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் வீட்டுக்காரர். யூகோஸ்லாவியாவில், பொஸ்னியாப் பக்கத்திலிருந்து வந்தவர்; இரும்புப் பட்டறையில் வேலை; மனைவியை இழந்தவர். மேல்மாடியில் மட்டக்களப்பு அன்ரியும் அவர் கணவரும், பின்னறையில் மன்னார் அண்ணை, கீழே பேஸ்மென்டில் அக்காவும் நானும். சட்டை தோய்க்கும் மெஷினுக்கும் தொலைபேசிக்கும் நாங்கள் போட்ட சண்டை தாங்காமல் ஒரு ஞாயிறு எல்லோரையும் தன் சமையலறைக்குக் கூப்பிட்டார். "உங்கள் எல்லோருக்கும் ஒரே மொழிதானே, பிறகென்ன சண்டை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரி எங்கள் பக்கம் திரும்பி, "விளங்காத பாஷையெண்டா ஆர் சண்டை பிடிக்கிறது?" என்றார்.

தன் நாட்டில் பெருந்தலைவர் இறந்த பிறகு அந்த நாற்காலியை ஒருவருக்கே கொடுக்க எல்லோரும் பயந்தார்கள் என்று அவர் சொன்னார். ஆறு குடியரசுகள், இரண்டு மாகாணங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவராக எட்டுப் பேர் அமர்வார்கள். வருடத்துக்கு ஒருவர், முறைப்படி, அந்த எட்டுப் பேருக்கும் தலைவர். அவர் கூட்டத்தை நடத்தலாம், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்கலாம். தனியாக ஒன்றையும் முடிவு செய்ய முடியாது.

"அப்ப அவர் என்ன ஜனாதிபதி? வாசல்காரன் எண்டு சொல்லுங்கோ," என்றார் மன்னார் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். வாசல்காரன்தான், ஆனால் வாசலில் யாராவது நிற்க வேண்டுமே என்றார்.

எங்களுக்குத் தெரிந்த ஜனாதிபதி வேறு மாதிரி. எல்லாம் ஒரே கையில். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்பில், அந்த ஒருவர் வாய் திறப்பாரா என்று வானொலிக்குக் காது கொடுத்தபடி, பக்கத்து வீட்டுச் சாமான் அறையில் அக்காவும் நானும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தோம். கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டிலிருந்த, பள்ளியில் படிப்பிக்கும் சிங்கள ரீச்சர் போய்த் திறந்து, இங்கே வேறு ஒருவரும் இல்லை என்று சொன்னது கேட்டது. அவருடைய குரல் நடுங்கவில்லை. என் பல் என் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. அதன் பிறகு எந்த நாட்டிலும், எந்தக் கதவிலும் மணி அடித்தால் முதலில் என் கண் ஒளிய ஓரிடம் தேடும்.

ஆகவே தை மாதம் சாவி என் கழுத்துக்கு வந்தபோது நான் மகிழவில்லை. மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் சர்க்யூட் பலகைகளைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. எதையும் வரிசைப்படுத்தினால்தான் மனம் அடங்கும். யார் யார் மணி அடிக்கலாம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். தபால்காரர், வேதாகமம் விற்பவர்கள், பனி வழிக்கக் கேட்டு வருபவர்கள். கடைசியாக, நகரசபை ஆள்.

அந்தக் கடைசி ஆள்தான் வீட்டையே பயமுறுத்தினார். பேஸ்மென்டில் ஆட்களைக் குடிவைக்க அப்போது அங்கே அனுமதியில்லை. அயலில் யாரோ முறைப்பாடு செய்திருப்பதாகக் கதை வந்தது. அக்காவுக்கு ஏழாம் மாதம். அத்தான் சென்னையில் விசாவுக்குக் காத்திருந்தார். அகதி விண்ணப்பம் முடியாத இரண்டு பெண்களுக்கு அந்தக் குளிரில் யார் அறை தருவார்கள்? வீட்டுக்காரர் கூட்டம் கூட்டினார். கீழே துணி தோய்க்கும் இடம் மட்டுமே என்று சொல்வது, எல்லோரையும் கேட்காமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று எல்லோரும் கைதூக்கி முடிவெடுத்தோம்.

"உனக்கு மணிச் சத்தத்துக்கே முகம் வெளிறுது. நீயும் ஒரு ஜனாதிபதி," என்றாள் அக்கா.

ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. வீட்டுக்காரரும் அண்ணையும் வேலைக்குப் போயிருந்தார்கள். மேலே அன்ரியின் காலடி சட்டென்று நின்றது. திறந்தேன். நீலக் குளிர்ச்சட்டையில் அடையாள அட்டை குத்திய மனிதர். மரியாதையாகத்தான் பேசினார், கீழே பார்க்கலாமா என்று. நான் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். துணி தோய்க்கும் இடம். எல்லோரையும் கேட்க வேண்டும். என் குரல் அந்த ரீச்சரின் குரல் போல இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது கீழே ஒரு தகரக் கதவு இழுபட்டுச் சாத்தும் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்த சத்தம். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கும் அலுமாரி அளவு அறை. அக்கா ஒளிந்துவிட்டாள். அந்தக் கதவின் கொக்கி வெளிப்பக்கம் தானாக விழும். உள்ளிருந்து திறக்க முடியாது. குளிருக்காக வீட்டுக்காரர் அதன் இடுக்குகளை எல்லாம் பழந்துணியால் அடைத்திருந்தார். என் மனம் தன் வழக்கப்படி வரிசைப்படுத்தியது. ஒன்று, தீ அந்த அறையின் காற்றைத் தின்னும். இரண்டு, புகைபோக்கியால் போக வேண்டியது உள்ளே திரும்பும். மூன்று, அதிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை. நான்காவதை நான் நினைக்கவில்லை.

நகரசபை ஆளோ போகவில்லை. யாரைக் கேட்க வேண்டும், அவர்கள் எப்போது வருவார்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவிட்டுக் கீழே ஓடலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. கொழும்பில் ஒளிந்திருந்தவர்களைக் காப்பாற்றியது, ஒருவரும் இல்லை என்ற சொல். இங்கே அதே சொல் அவளைக் கொன்றுவிடும் என்று தோன்றியது.

"கீழே என் அக்கா இருக்கிறாள், வாருங்கள்," என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவரும் என் பின்னால் ஓடி வந்தார். கொக்கியைத் தூக்கினேன். அக்கா வியர்வையில் நனைந்து, சுவரில் சாய்ந்து, வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள். இருவருமாகத் தூக்கிப் படியேற்றி, வாசலில், பனிக்காற்றில் உட்கார வைத்தோம். அவள் அந்த மனிதரின் அட்டையைப் பார்த்ததும் திரும்பவும் உள்ளே போகப் பார்த்தாள். அவர் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டார். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்ததும் அவர்தான். போகுமுன் தன் கடமையையும் செய்தார்: பேஸ்மென்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மாலையே அக்காவை அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்காரரின் சமையலறையில் கூடினோம். யாரையும் கேட்காமல் தனியாக முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்லிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்தப் பெரிய மனிதர் பயந்திருந்தார். இன்று இவள் நல்லதற்காக முறையை மீறினாள், நாளைக்கு வேறொருவர் வேறெதற்கோ மீறுவார், என் ஊரில் எல்லோருக்கும் இந்தப் பயம்தான் என்றார். பிறகு நிமிர்ந்து, அந்த ஆளைக் கீழே விட முன்னமே இவள் உங்கள் எல்லோரையும் கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம், சம்மதித்தீர்களா என்று கேட்டார்.

மன்னார் அண்ணை தலையைச் சொறிந்தார். "நான் அப்ப பேக்கரி வேலையில எல்லோ நிண்டனான்," என்றார்.

"உங்களைக் கேட்டது ஓமோ இல்லையோ எண்டு," என்றார் அன்ரி. "எங்கட வீட்டில ரெண்டு பேரும் ஓம்."

"ஓம், ஓம். நானும் ஓம்."

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். "எனக்கு அப்ப மூச்சே இல்லை," என்றாள் அவள். "ஆனா ஓம்."

கடைசியாகத் தன் கையைத் தூக்கினார் வீட்டுக்காரர். கையைக் கீழே விடாமலே அடுத்த பிரேரணையையும் சொன்னார்: முன்னறையை இந்தப் பெண்களுக்குக் கொடுப்பது, தான் சோபாவில் படுப்பது. அது அவருடைய சொந்த அறை. அதற்கும் வாக்கெடுத்துத்தான் விட்டார்.

சில வருடங்களில் அந்த எட்டு நாற்காலிகளும் உடைந்தன. அந்த நாடு இப்போது இல்லை. அதன் கடைசி நாட்களில் வீட்டுக்காரர் ஊருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டுப் படியில் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். என்ன கேட்டாலும், "இன்னும் கூட்டத்தில் இருக்கிறார்கள்," என்றுதான் சொல்வார்.

அக்காவின் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடிப்போய்த் திறப்பாள். யார் என்று கேட்பதேயில்லை. அவள் திறந்து, வந்தவரோடு சிரித்துப் பேசும் சத்தம் கேட்கும்வரை, அக்காவும் நானும் சமையலறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்போம்.