பாதியில் நிறுத்திய ஞானஸ்நானம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் வெந்நீர் போட்டாயிற்றா, பழந்துணி துவைத்து வைத்தாயிற்றா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கன்னியாஸ்திரிகள் அலுத்துப்போனார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். தூத்துக்குடியில் அவர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை படித்துவிட்டு வீடுவீடாகப் போக ஆரம்பித்திருந்தேன். வயது இருபத்துமூன்று.

படிப்பில் கத்தரி, நூல், கொதிக்கவைத்த துணி எல்லாம் சொல்லித் தந்தார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லித் தந்தார்கள். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால், அது யார் வீட்டுக் குழந்தையானாலும், தலையில் தண்ணீர் ஊற்றி, 'பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே', அதாவது தகப்பன், மகன், பரிசுத்த ஆவியின் பேரால் என்று சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். அவசரத்துக்குப் பங்குச் சாமியார் வேண்டாம், நானே கொடுக்கலாம். வீட்டாரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தைக்கு மோட்சம் கிடையாது என்பதை நான் துளியும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த வருஷம் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஒரு முஸ்லிம் வீட்டுக்கு மாதாமாதம் போய்வந்தேன். நான் பார்த்துவந்த கர்ப்பிணியின் புருஷன் கொழும்புக்குத் தோணியில் போய்வருகிறவர். வீட்டில் அந்தப் பெண்ணும் மாமியாரும்தான். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவர்கள் அக்காவை அழைப்பதுபோல் லாத்தா என்று கூப்பிடுவேன். அவளுக்கு இது இரண்டாவது பேறு. முதல் குழந்தை பிறந்து ஒன்பது நாளில் போய்விட்டது.

அவளுக்கும் வாய் சும்மா இருக்காது. அதனால் ஒத்துப்போயிற்று. வயிற்றை அமுக்கிப் பார்ப்பது கொஞ்ச நேரம், பேச்சு வெகுநேரம். சேசுநாதர் கன்னியின் வயிற்றில் பிறந்தார் என்று நான் பெருமையாக ஆரம்பித்தால், "ஈசா நபிய எங்களுக்குத் தெரியாதா? மர்யம் அம்மாள ஊரே ஏசுனப்ப, தொட்டில்ல கெடந்த புள்ள வாயத் தொறந்து பேசிச்சு" என்று எனக்கே தெரியாத கதையைச் சொல்லுவாள். எங்கள் வேதத்தில் அப்படி இல்லையே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் கேட்டேன். "நாங்க சேசுநாதர ஆராதிக்கிற மாதிரிதான நீங்க உங்க நபிய ஆராதிக்கிறிய?"

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொல்லப்புடாது நர்சம்மா. நபி நாயகம் மனுசர்தான். பொறந்தாங்க, மௌத்தானாங்க. அல்லா அனுப்புன சேதியக் கொண்டாந்தாங்க. ஈசா நபியும் அப்படித்தான். தொழுகிறது அல்லா ஒருத்தனத்தான்."

நான் நெடுநாளாக வேறு மாதிரி நினைத்திருந்தேன். நமக்குச் சேசு, அவர்களுக்கு நபி, ஆளுக்கொருவர் என்று. அது தப்புக் கணக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளும் சளைத்தவள் இல்லை. எங்கள் மாதா கோயில் சப்பரத்தில் தேவமாதா பவனி வருவதைப் பார்த்துவிட்டு, தகப்பன், தாய், பிள்ளை என்று மூன்று பேரைக் கும்பிடுகிறோம் என்று நினைத்திருந்தாள். தேவமாதா அந்த மூன்றில் சேர்த்தி இல்லை, மூன்றாவது இஸ்பிரீத்துசாந்து என்றேன். "அது ஆரு?" என்றாள். புறா ரூபம் என்று ஆரம்பித்து, மேலே போகத் தெரியாமல் அவள் நாடியைப் பிடித்துக் கடிகாரம் பார்ப்பதுபோல் தப்பித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். ஒரே வள்ளத்தில் அவர் 'மாதாவே' என்று குதிக்க, பக்கத்து ஆள் 'பிஸ்மில்லா' என்று குதிப்பார். "அதச் சாமியார்ட்ட கேளுளா. எனக்கு மூச்சப் புடிக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒன்பது நாள் குழந்தையைப் பற்றி லாத்தா அழாமல் பேசுவாள். அது சொர்க்கத்தில் இருக்கிறது, பச்சைப்பிள்ளைக்கு ஏது பாவம் என்பாள். நான் தலையாட்டுவேன். மனசுக்குள், ஐயோ பாவம், யாரும் தண்ணீர் ஊற்றவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

வலி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. குழந்தை பிறந்தபோது உச்சிவெயில். அந்தத் தெரு ஆண்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருந்தார்கள். ஆண் குழந்தை. நீலம் பாரித்து, சத்தமில்லாமல் என் கையில் துவண்டு கிடந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன், முதுகில் தட்டினேன். ஒன்றும் இல்லை. மாமியாருக்கு விளங்கிவிட்டது. உயிர் போகுமுன் அவர்கள் வழக்கப்படி அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லிவிட ஒரு ஆண்பிள்ளையைக் கூட்டிவர ஓடினாள்.

குளிர்ந்த நீர் ஒரு சட்டியிலும் வெந்நீர் ஒரு சட்டியிலும் பக்கத்தில் இருந்தன. மூச்சு விடாத குழந்தையை மாற்றி மாற்றி முக்கி எடுப்பதற்காக நான்தான் வைக்கச் சொல்லியிருந்தேன். என் கை குளிர்ந்த நீரை அள்ளியது. குழந்தையை முக்குவதற்கு அல்ல. நெற்றியில் ஊற்றிக்கொண்டே, "பிதா..." என்றேன்.

"நர்சம்மா, என்ன சொல்லுதிய?"

லாத்தா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"ஞானஸ்நானம், லாத்தா. இல்லன்னா அதுக்கு மோட்சம் கெடையாது."

எழுந்திருக்க முடியாதவள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். "அடுத்த வார்த்தையச் சொல்லாதிய. அல்லாவுக்கு மகன் கெடையாது. எம்புள்ள மேல அதச் சொல்லாதிய."

சொல்லாமல் விட்டால் இந்த ஆத்துமத்துக்கு நான்தான் பொறுப்பு. சொன்னால், கண்ணெதிரே கிடக்கிற தாயை மிதித்துக்கொண்டு சொல்ல வேண்டும். எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று தெரியாது. அத்தனை நொடியும் குழந்தை மூச்சில்லாமல் கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. பிறகு குனிந்து, அதன் வாயில் விரல்விட்டுச் சளியை வழித்து, என் வாயை வைத்து ஊதினேன். சட்டியில் முக்கினேன். மறுபடி ஊதினேன். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அழுகை. மாமியார் கூட்டிவந்த பெரியவர் வாசலில் நின்றே அதைக் கேட்டார்.

சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது நடந்ததை ஒப்புக்கொண்டேன். பாதியில் நிறுத்தியது தப்பு என்று சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அதை ஆரம்பித்தது சரியா தப்பா என்று அவர் ஒன்றும் சொல்லவில்லையே!

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து அவள் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாய் விரித்தாள், தேத்தண்ணி கொடுத்தாள், எல்லாம் வழக்கம்போல. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எம்மூத்ததும் மோட்சத்துல இல்லைன்னுதான இத்தன நாளும் நெனச்சிய? நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கிட்டு?"

"ஆமா, லாத்தா."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"உங்க நம்பிக்கையில எம்புள்ளைக்கு நல்லதுன்னுதான் செஞ்சிய. அது எனக்குத் தெரியுது. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.