மறுமுனைக்காரரும் பத்து சென்டிமீட்டரும்

அளவைத் துறையின் பணி விளக்க ஏட்டில் அவருக்கு ஒரு பத்தி உண்டு. "கள உதவியாளர், கடைநிலை. உடல்வலு மிக்கவர். கருவிகளைச் சுமப்பார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பார். இட்ட பணியைச் செய்வார். அளவின் சரி தவறுகளுக்கு இவர் பொறுப்பல்லர்."

உடல்வலு என்று சொன்னால் அவர் மனைவியே சிரிப்பார். ஆள் ஒட்டடைக்குச்சி. முழங்கால் வலி வந்த பிறகு கருவியின் முக்காலியை சர்வேயரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்; இவர் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போனார், தனக்குத்தான். இட்ட பணியை மறுபேச்சில்லாமல் செய்ததாக அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. அந்தப் பத்தியில் பொருந்தியது ஒன்றே ஒன்று: இருபத்தெட்டு ஆண்டுகளாக மறுமுனையைப் பிடித்தார். பெயரே 'மறுமுனை' என்றாகிவிட்டது. அலுவலகத் தொலைபேசியை எடுத்து "மறுமுனை பேசுறேன்" என்பார். கேட்பவர் குழம்பினால் அன்று சாப்பிட்டது நன்றாகச் செரிக்கும்.

அவருக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு சர்வேயருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

"சார், நீங்க நிக்கிறது ஒரு புள்ளி. ஒரு புள்ளி வழியா எத்தனை கோடு வேணாலும் போகும், கணக்கே கிடையாது. நான் இங்க வந்து இன்னொண்ணைப் பிடிச்சாத்தான் ஒரே கோடு. பாதி கோடு என்னுது."

வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மறுக்க முடியாது. பள்ளிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

புத்தகத்தில் இருக்கும் மற்ற விஷயங்கள்தான் களத்தில் எடுபடுவதில்லை. புள்ளிக்கு இடம் மட்டும் உண்டு, பருமன் கிடையாது என்கிறது புத்தகம். துறை அடிக்கும் இரும்பு முளையோ கட்டைவிரல் தடிமன். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை; அது இரு பக்கமும் முடிவில்லாமல் போகும். துறையின் கோடு பின்பக்கத்துச் சாக்கடையோடு நின்றுவிடும். தளம் என்பது கனமே இல்லாத, எல்லையில்லாத ஒரு பரப்பு. ஊரில் அதற்குச் சுவர் என்று பெயர். செங்கலும் பூச்சும் சேர்த்தால் கனம் வந்துவிடுகிறது, சண்டையும் வந்துவிடுகிறது.

அப்படி ஒரு சுவருக்காகத்தான் அக்காவும் தங்கையும் மனு கொடுத்திருந்தார்கள். அப்பா விட்டுப்போன வீட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தங்கையின் பக்கத்து வெளிச்சுவரிலிருந்து நாலு மீட்டர் இருபது தள்ளி, முன்னால் ஒரு முளை, பின்னால் ஒரு முளை. இரண்டுக்கும் நடுவே நூல் கட்டிக் கொத்தனார் சுவர் எழுப்புவார்.

"சுவரோட கனம் யார் பக்கம் சார்?" என்று அக்கா கேட்டார்.

"கோட்டுக்குக் கனம் கிடையாதும்மா. பாதி உங்களுக்கு, பாதி அவங்களுக்கு."

"கனமே இல்லாததுல பாதி பாதியா? நல்லா இருக்கு."

அலுவலகத்து டேப்பின் ஆரம்பத்தில் வளையம் ஆட்டம் கண்டு, எண்களும் அழிந்துபோயிருந்தன. புது டேப்புக்கு எழுதியிருந்தார்கள். வரும் என்று பதிலும் வந்திருந்தது. அதுவரை பூஜ்யத்தை நம்பாமல் பத்தாவது சென்டிமீட்டரைச் சுவரில் வைத்துப் பிடிப்பது அவர்கள் வழக்கம். மறுமுனை "பத்து!" என்று குரல் கொடுப்பார். சர்வேயர் "பத்து!" என்று திருப்பிச் சொல்லி, அளவோடு பத்தைக் கூட்டிக்கொள்வார், நாலு இருபது வேண்டுமானால் நாலு முப்பதில் முளை அடிப்பார். பத்து என்று இரண்டு பேரும் சொல்லாதவரை அது அளவே அல்ல.

காலையில் முன்பக்க முளை அப்படித்தான் அடிக்கப்பட்டது. அளவுத் தாளில் கையெழுத்துப் போடும்போது அக்கா, "அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடலாமா சார்?" என்றார்.

"அவர் எதுக்கும்மா? அவர் சும்மா பிடிக்கிறவர்."

சர்வேயர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பணி விளக்க ஏடும் அதையேதான் சொல்கிறது. ஆனால் மறுமுனை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். மதியம் பின்பக்கம் அளக்கும்போது வாயே திறக்கவில்லை. பத்தைச் சுவரில் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மற்றக் கையின் ஐந்து விரலை இரண்டு முறை காட்டினார். சர்வேயர் குனிந்த தலை நிமிரவில்லை. டேப்பில் நாலு இருபது தெரிந்த இடத்தில் முளையை அடித்தார். மறுமுனை பார்த்துக்கொண்டே நின்றார். சும்மா பிடிக்கிறவருக்கு என்ன தெரியும் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. பிறகு, சர்வேயர் பத்தைக் கூட்டியிருப்பார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு டேப்பைச் சுற்றினார்.

தவறு அப்போது முளை அளவுதான் இருந்தது. கொத்தனார் நூல் கட்டியதும் அது பன்னிரண்டு மீட்டர் நீளமாயிற்று. சுவர் எழும்பியதும் மூன்று மீட்டர் உயரமாகி, பூச்சும் வெள்ளையும் கண்டது. இதில் வேடிக்கை, கோடு கோணவே இல்லை. தூக்குக்குண்டு போட்டுக் கட்டிய சுவரும் குறை சொல்ல முடியாத சுவர். ஆனால் மொத்த நீளத்திலும் அது சரியான இடத்தில் நின்றது ஒரு புள்ளியில் மட்டுமே, முன்வாசலில்.

மூன்று மாதம் கழித்து முத்திரையிட்ட வரைபட நகலைக் கொடுக்க மறுமுனை தங்கை வீட்டுக்குப் போனார். தங்கையின் கணவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். புதுச் சுவரை ஒட்டிய நடை வழியாகத்தான் குளியலறைக்குப் போக வேண்டும். நாற்காலி பாதி தூரம் நன்றாக ஓடியது, பிறகு உரசியது, பிறகு நின்றுவிட்டது.

"வாங்கண்ணே, ஒரு கை பிடிங்க" என்றார் தங்கை. "தினமும் இங்கதான் நிக்கும். இவரை நான் தூக்கித்தான் உள்ள விடணும். நடை எழுபத்தஞ்சு சென்டி இருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் வண்டி வாங்கினோம்."

"அளந்து போட்டது குறையுமா? நான்தான் பெருத்துட்டேன்" என்றார் கணவர்.

மறுமுனை கை பிடித்தார். நாற்காலியின் அடையாளம் சுவரில் ஒரே உயரத்தில் கறுப்பாக ஓடியிருந்தது. எத்தனை குறைகிறது என்று அவர் அளக்கவில்லை. அளக்கத் தேவையுமில்லை.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னார். "வாய்ங்கறது சாப்பிட மட்டும்தானா?" என்றார் அவர். "வேண்டாத இடத்துல எல்லாம் பேசுவீங்க. அன்னிக்குன்னு பார்த்து கோவிச்சுக்கிட்டீங்களாக்கும்."

காலையில் அலுவலகத்தில் சொன்னதும் சர்வேயர் எழுந்து கதவைச் சாத்தினார். "அண்ணே, யார் வந்து அளக்கப் போறா? உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாசம். விசாரணைன்னு வந்தா எல்லாம் நின்னுபோகும். பேசாம இருங்க."

"பேசாம இருந்ததுலதான் சார் இந்தத் தப்பே வந்துச்சு."

மறுநாள் அக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தங்கையும் வந்து நின்றார். அக்கா எழுந்துவிட்டார்.

"ஆக, தங்கச்சி இடத்தை நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்ல வந்திருக்கீங்க."

"இல்லம்மா. நான் எடுத்து உங்ககிட்ட குடுத்துட்டேன்."

"மூணு மாசமா அந்த மனுஷனைத் தூக்கிட்டிருக்கா. ஏண்டி, சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன்? ஒரு வார்த்தை சொன்னியா?"

"கேட்டா உன் பங்கைக் கேக்குற மாதிரி இருக்கும்னுதான்க்கா."

அக்கா மறுமுனையின் பக்கம் திரும்பினார். "எழுதிக் குடுங்க" என்றார். "தப்பு யாருதுன்னு தெளிவா இருக்கணும். நாளைக்கு என் பேரு அடிபடக்கூடாது. சுவரை இடிச்சுக்கட்டிக்கலாம். என் சமையலறை அலமாரியை மட்டும் நானே கழட்டிக்கறேன், கொத்தனார் தொட்டா நொறுக்கிடுவான்."

எழுதிக் கொடுப்பது லேசாக இல்லை. தலைமை எழுத்தர் பணி விளக்க ஏட்டை எடுத்துப் புரட்டி, "உங்க பதவியில தப்பு பண்றதுக்கு இடமே இல்லையே" என்றார். உதவியாளர் தவறமாட்டார், தவறினால் சர்வேயர் தவறியிருக்க வேண்டும், அல்லது முளை தானாக நகர்ந்திருக்க வேண்டும். முளை நகர்ந்தது என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னார். மறுமுனை மாற்றி எழுத மறுத்துவிட்டார். கடைசியில் சர்வேயரும் வந்து, 'நானும் கேட்கவில்லை' என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். விசாரணை நடந்தது. ஓய்வு உத்தரவு ஐந்து மாதம் தாமதமாக வந்தது. உத்தரவிலும், அளவின் சரி தவறுகளுக்குப் பொறுப்பில்லாத பதவியிலிருந்து அவர் ஓய்வு பெறுவதாகவே இருந்தது.

அவர் செய்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, பின்பக்க முளை தவறான இடத்தில் இருக்கிறது, அது தன்னால்தான் என்று அக்காவிடமும் தங்கையிடமும் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுவரை இடித்த அன்று அந்த முளையைப் பிடுங்கி, அக்கா பக்கமாகப் பத்து சென்டிமீட்டர் தள்ளி அடித்தார்.