சகாயமேரி சிஸ்டர் சொல்லாமல் விட்ட பெயர்

சகாயமேரி சிஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். நிமோனியா என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. தாமல் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து எங்கள் ஊர்க் கூட்டு ரோட்டில் இறங்குவதற்குள் அங்கே ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. ஓரத்தில் தபால்தலை அளவுக்கு சிஸ்டரின் படம். நடுவில் ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நின்றவர், எங்கள் வட்டாரத்துக்கே பீடி, சிகரெட் மொத்தமாகப் போடுகிற ஏஜென்சிக்காரர். மறுநாள் காலையில் அந்த ஃப்ளெக்ஸ் கிழிந்து கிடந்தது. கிழித்தது நான்தான். வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அந்த நிலையத்தில் மருந்தாளுநர், அவர் கிராம சுகாதாரச் செவிலியர். பதினான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். இரங்கல் கூட்டத்தில் பேசிய நாலு பேரும் "பொறுமையே உருவானவர்" என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊரில் பார்த்தார்கள் அந்தப் பொறுமையை? சிஸ்டர் கோபக்காரர். அந்தக் கோபத்துக்குப் பயந்து பீடியை விட்டவர்கள் சிலர் அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டு நெய்கிறவன் எவனும் தறியில் உட்கார்ந்தபடி பீடி பிடிக்கமாட்டான். பாவு நூலில் ஒரு பொறி விழுந்தால் புடவை போயிற்று. எழுந்து வெளியே போய்க் குடித்து, கையைக் கழுவிக்கொண்டுதான் திரும்புவான். அப்படி வெளியே வருகிறவனை வாசலிலேயே மறிப்பார் சிஸ்டர். "எவளோ கட்டப்போற புடவை மேல பொறி விழக்கூடாதுன்னு எழுந்து வரியே, அந்தப் புடவைக்கு இருக்குற மரியாதை உன் நெஞ்சுக்கு இல்லியாப்பா?" விட்டுவிட்டேன் என்று சொன்னவன் வீட்டுக்கு வாரம் தவறாமல் போவார். வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்ப்பார். மாட்டிக்கொண்டால் பெண்டாட்டி எதிரிலேயே கிழி கிழியென்று கிழிப்பார். என் அண்ணன் ஏழுமலையும் தறிக்காரன்தான். இரண்டு முறை விட்டு, இரண்டு முறையும் அவரிடம் மாட்டியவன். மூன்றாவது முறை ஒரு வருடம் பீடியைத் தொடாமல் இருந்தான்.

அப்போதுதான் கொரோனா வந்தது. கடைகளை மூடச் சொன்னார்கள். ஏஜென்சிக்காரர் மட்டும் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். "பீடிப் புகை உள்ள போச்சுன்னா கிருமி அங்கியே செத்துடும்பா. குடிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆவாது. பயந்துக்கினு கெடக்குறவனுக்குத்தான் வரும்" என்று சொல்லிச் சொல்லி விற்றார். சிஸ்டர் பாடுபட்டு நிறுத்தி வைத்தவர்கள் மறுபடி பிடிக்க ஆரம்பித்தார்கள், மருந்து மாதிரி வேளைக்கு ஒன்று. ஏழுமலையும் பிடித்தான். காய்ச்சல் ஊருக்குள் நுழைந்தபோது முதலில் மூச்சு முட்டியது இவர்களுக்குத்தான். சிஸ்டர் அவர்கள் விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார். அப்படி ஒருவரைத் தூக்கி ஏற்றியதில்தான் அவருக்கும் தொற்றியது. பிழைத்து வந்தார், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஒரு பீடியைக்கூடத் தொடாத மனுஷி, அதற்குப் பிறகு நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார்.

என் அண்ணனைக் கல்லூரி விடுதி ஒன்றில் இயங்கிய சிகிச்சை மையத்தில் சேர்த்திருந்தோம். மருந்துப் பெட்டியோடு நான் உள்ளே போய்வர முடியும். "ஒரே ஒரு கட்டு பீடி குடுத்துட்டுப் போடா, பைத்தியம் புடிக்குதுடா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கொடுத்தேன். படித்தவன், மாத்திரை கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன், அண்ணன் கெஞ்சுகிறானே என்று மாத்திரை அட்டைகளுக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். கழிவறைக்குள் போய்க் குடித்திருக்கிறான். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கிருந்து திரும்பவில்லை. அந்த ஒரு கட்டுதான் கொன்றது என்று எந்த டாக்டரும் எழுதமாட்டார். அவன் நெஞ்சு முப்பது வருடமாகக் கெட்டுக்கொண்டிருந்த நெஞ்சு. ஆனாலும் கடைசிக் கட்டு என் கையால் போனது.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். ஏஜென்சிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து ஒரு கட்டுப் பீடியை இலையில் வைத்தார். பின்னாலேயே வந்தார் சிஸ்டர். கட்டை எடுத்தார், பிய்த்தார், சொம்புத் தண்ணீரில் போட்டுக் கசக்கினார். "உயிரோட இருக்கசொல்ல வித்தீங்க. செத்த அப்புறமும் இலையில வெச்சு விக்கிறீங்களா?" என்றார். வீடே எழுந்துவிட்டது. எங்கள் சித்தப்பா, "காலனியில இருந்து வந்து எங்க படையல்ல கை வைக்கிறியா?" என்று அடிக்கவே போனார். சிஸ்டர் நகரவில்லை. என்னைப் பார்த்தார். அவருக்காக ஒரு வார்த்தை பேச வேண்டிய ஆள் அங்கே நான் ஒருவன்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் மருந்தறையில், அண்ணனுக்குக் கட்டு கொடுத்தது முதல் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். புகார் எழுதுவார், வேலை போகும் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கி அலமாரியில் வைத்தார். பிறகு, "அழுவாத ரத்தினம். அழுதா உனக்கு லேசாயிடும். லேசாவக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஏஜென்சிக்காரருக்கே இழுப்பு வந்தது. சொந்தச் சரக்கைச் சொந்த வாயாலும் பிடித்தவர். மாதா மாதம் எங்கள் நிலையத்துக்கு இன்ஹேலர் வாங்க வர ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேவிட்டேன். "செருப்பு பிஞ்சிடும்" என்றார். "அவரு நல்லா மூச்சு விடணும், ரொம்ப நாளு இருக்கணும். அப்பத்தான் நான் சொல்றது அவரு காதுல விழும்." அடுத்த முறை அவர் வந்தபோது சிஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பதில் பேச முடியாத அந்த நேரத்தில், சிஸ்டர் அவர் காதருகே ஒரு பெயரைச் சொன்னார். புகையை நம்பிச் செத்த ஒருவரின் பெயர். அடுத்த மாதம் இன்னொரு பெயர். மனிதர் வராமல் இருக்கவும் முடியாது, மூச்சு வேண்டுமே. சிஸ்டரின் முகத்தில் அப்போது இரக்கம் கொஞ்சமும் இருக்காது. அந்த முகத்தை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு பெயரை மட்டும் அவர் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஏழுமலை பேரை நான் சொல்லமாட்டேன். அத நீதான் சொல்லணும். உன் பங்கையும் சேத்து சொல்லணும், பத்து பேரு கேக்க சொல்லணும்" என்றார். ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினேன். பெயரைச் சொன்னால் பீடி கொடுத்தது யார் என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் நான் தள்ளிக்கொண்டே இருக்க, சிஸ்டர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அன்றைக்கே அண்ணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயும் இல்லை.

போன திங்கட்கிழமை ஏஜென்சிக்காரர் வந்தார். "சிஸ்டர் பூட்டாங்க, மனசே சரியில்லப்பா. யாரோ என் ஃப்ளெக்ஸைக்கூட கிழிச்சுட்டானுங்க" என்றார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. இன்ஹேலரைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். இழுத்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்.

"ஏழுமலை" என்றேன், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "எங்க அண்ணன். பொகை கிருமியக் கொல்லும்னு அவன்கிட்ட சொன்னது நீங்க. கடைசிக் கட்டை அவன் கையில குடுத்தது நான்."

அவர் கண் என் மேலேயே நின்றது. மூச்சை விட்டார், மருந்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு வேலையைத்தான். நன்றாகச் செய்வேன். ஏஜென்சிக்காரருக்கு ஒரு மாதம்கூட மருந்து தவறாமல் பார்த்துக்கொள்வேன். அடுத்த மாதம் அவர் கேட்க வேண்டிய பெயர் சகாயமேரி.