பூஜைக்காக அணைத்த இன்குபேட்டர்

நடந்தது இதுதான்.

1. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை, அடையாறில் எங்கள் ஆய்வகத்தில், குழித்தட்டில் வளர்த்த செல்களோடு போலி வைரஸைச் சேர்த்தேன். அது பெருகாது; செல்லுக்குள் நுழைந்தால் செல் ஒளிரும், அவ்வளவுதான். பாதிக் குழிகளில், வைரஸைத் தடுக்க வேண்டிய என் ஆன்டிபாடியையும் சேர்த்தேன்; அது தடுத்தால் அந்தக் குழிகள் ஒளிராது.
2. தட்டை உடல் சூட்டில் ஓடும் இன்குபேட்டருக்குள் வைத்தேன்.
3. பூஜைக்குப் பூ வாங்க மயிலாப்பூர் போனேன்.
4. திரும்பியபோது இன்குபேட்டரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். சுவிட்ச் அணைந்திருந்தது. ஏசி அறையில் உள்ளே இருந்த தட்டும் குளிர்ந்துபோயிருந்தது.

அணைத்தவர் ஆய்வக உதவியாளர். அவரை எல்லோரும் அண்ணா என்போம்.

"பூஜைல வெச்ச பொருள எவனாவது ஓட்டிக்கினு இருப்பானாம்மா? ஆட்டோவையே தொட மாட்டோம்."

ஃப்ரிட்ஜை மட்டும் விட்டுவைத்திருந்தார். வீட்டிலும் அதை யாரும் அணைப்பதில்லையாம்.

மயிலாப்பூர்க்காரியான என் சீனியர், "பொட்டு வெச்சுட்டா இன்குபேட்டரும் படுத்துண்டு தூங்கணுமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சோதனையும் தோற்றால் என் வடிவமைப்பை நிறுத்திவிடலாம் என்று ஆய்வகத் தலைவரான மேடம் சொல்லியிருந்தார்.

வைரஸ் முதலில் தன் மேலுள்ள முள்போன்ற புரதத்தால் செல்லைப் பற்றுகிறது. பிறகு அந்த முள் விரிந்து, இரண்டின் சவ்வுகளையும் இழுத்து ஒன்றாக்குகிறது. அந்த வழியாகத்தான் மரபுப்பொருள் உள்ளே போகிறது. இப்போது பலரும் மூடிய முள்ளை அப்படியே பூட்டி, அதைத் தடுப்பூசியாக உடலுக்குக் காட்டுகிறார்கள். நான் வடிவமைத்தது பாதி விரிந்த முள். அதை எலிகளுக்குச் செலுத்திப் பெற்ற ஆன்டிபாடி, அதுவரை ஒரு சோதனையிலும் வைரஸைத் தடுக்கவில்லை.

தட்டைத் தூக்கிப் போடச் சொன்னார் மேடம். விடுமுறை முடியும்வரை புதிய செல்கள் கிடைக்காது. நான் சுவிட்சைப் போட்டு, தட்டை உள்ளேயே விட்டுவிட்டு, மாம்பலத்தில் உள்ள என் வீட்டுக்குக் கிளம்பினேன்.

விஜயதசமிக்கு மறுநாள் தட்டின் ஒளியை அளந்தேன். வைரஸ் மட்டும் இருந்த குழிகள் வழக்கம்போல் ஒளிர்ந்தன. ஆன்டிபாடி சேர்த்தவை இருண்டிருந்தன. குழிகளை மாற்றிக் குறித்துவிட்டேனோ என்று சீனியரையும் பார்க்கச் சொன்னேன். மாறவில்லை.

பிறகு வேண்டுமென்றே குளிர்வித்தோம், சூடாக்கினோம். அதே முடிவு. குளிரில் முள் பாதி விரிந்த நிலையிலேயே தேங்கியிருக்க வேண்டும். என் ஆன்டிபாடிக்கு அதைப் பிடிக்க நேரம் கிடைத்திருக்கிறது. குளிர்விக்காமல் உடல் சூட்டிலேயே வைத்தால், பழையபடி எல்லாக் குழிகளும் ஒளிர்ந்தன.

குளிர்வித்த சோதனை, குளிர்விக்காத சோதனை இரண்டின் வரைபடங்களையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆன்டிபாடி சரியான இடத்துக்குத்தான் போறது. லேட்டா போறது" என்றார். அண்ணாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மனித உடலைக் குளிர்வித்து நிறுத்தி வைக்க முடியாது. எனவே எங்களிடம் இருப்பது தடுப்பூசி அல்ல. ஆனால் வடிவமைப்பு கைவிடப்படவில்லை. இன்னும் வேகமாகப் பற்றும் ஆன்டிபாடிகள் கிடைக்குமா என்று பார்க்க, புரதத்தின் ஒரு வளைவை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மாற்றியவை எதுவும் பலன் தரவில்லை.