மாமனுக்கு மாற்று ஆள் இல்லை

மதிசுதன் என் மனைவி மைதிலியின் தம்பி. ஜேர்மனியின் ஹம் நகரில் பேருந்து ஓட்டுகிறான். முப்பத்தொரு வயது, இன்னும் கல்யாணம் இல்லை, கழுத்து என் தொடை அளவு. அந்தக் கழுத்தைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் பயம். வார இறுதியானால் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து விளையாடப் போய்விடுவான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முட்டைப் பந்து.

அவன் நிற்கும் இடத்தை லைன்பேக்கர் என்பார்கள். முன்வரிசையில் மலைமாதிரி நிற்பவர்கள் எதிரணியோடு முட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்து யார் கையில், எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துப் பாய்ந்து விழுத்த வேண்டும். களத்தில் அப்படி மூன்று பேர். மற்றவர்கள் களத்தின் ஓரத்தில் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மதிசுதன் ஐந்து வருடமாக வாங்கில்தான். உடைமாற்றும் அறைப் பலகையில் லைன்பேக்கர்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். அவன் பெயர் எப்போதும் அடியில்.

இந்த வருடம் மாசியில் அந்தப் பலகை ஆட்டம் கண்டது. ஒருவன் வேலை கிடைத்து மியூனிக் போனான். நடுவில் நிற்கும் யோனாஸ் பனிச்சறுக்கில் முழங்கால் நாரைக் கிழித்துக்கொண்டான். இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி வீட்டில் இரு என்றுவிட்டாள். பயிற்சியாளர் கிறவுசெ மதிசுதனைக் கூப்பிட்டார்.

"நடுவிடத்துக்கு நீயும் லியோனும்தான் மிச்சம். சித்திரையில் முதல் பயிற்சி ஆட்டம். நீ தொடங்கு. நன்றாகச் செய்தால் இந்தப் பருவம் முழுக்க இடம் உனக்கு."

லியோனுக்கு இருபது வயது, மின்னல்போல் ஓடுவான். முப்பத்தொரு வயதுக்காரனுக்கு இப்படி ஒன்று இனி வாய்க்காது என்று மதிசுதனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஆட்டம் வைத்த அதே சனிக்கிழமைதான் எங்கள் மகள் ஆதிரையின் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா.

நாளை மாற்ற வழியில்லை. மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்தது. தாய்மாமன்தான் பிள்ளையைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும். மைதிலிக்கோ ஒரேயொரு தம்பி. நான் நித்திரை கெட்டேன். மதிசுதன் பதறவில்லை. அழைப்பிதழை வாங்கி வாசித்தான்.

"ஒன்பதரைக்குத் தொடக்கம். பதினொண்டரைக்கு முடிஞ்சிடும். ஆட்டம் மூண்டு மணிக்கு, காரிலை ரெண்டரை மணித்தியால ஓட்டம். ஏன் அத்தான் பயப்பிடுறியள்? நேரம் காணும்."

கிறவுசெயிடமும் அப்படியே சொல்லிவிட்டான். அவன் பிழை அங்கேதான் தொடங்கியது. அச்சிட்ட நிமிடத்தில் நிறுத்தத்தில் வந்து நிற்பதுதான் அவன் தொழில். எங்கள் கொண்டாட்டங்களுக்கு வேலை முடித்துச் சாப்பாட்டு நேரத்தில் வந்தே பழகியவன். அழைப்பிதழ் நேரத்தின் கணக்கு அவனுக்குத் தெரியாது.

அன்று ஒன்பதரைக்குப் பட்டு வேட்டியோடு மண்டபத்தில் நின்றான். உள்ளே கதிரைகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆதிரை இன்னும் அலங்காரக்காரி பிறின்சியின் கையில்.

"அக்கா, ஒருத்தரையும் காணேல்லை. மண்டபம் மாறி வந்திட்டனோ?"

"டேய், சனம் பன்னிரண்டுக்குத்தான் வரும்" என்றாள் மைதிலி.

"அழைப்பிதழிலை ஒன்பதரை எண்டல்லோ கிடக்கு!"

"ஒன்பதரை எண்டு போட்டாத்தான் பன்னிரண்டுக்கு வருங்கள். பன்னிரண்டு எண்டு போட்டா மூண்டுக்குத்தான் வருங்கள். இதுகூடத் தெரியாமல் நீ என்னடா தமிழன்?"

"அச்சடிச்சிருக்கக்கா!"

பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்கும் பயணியின் முகம் அவனுக்கு.

மைதிலியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா அப்போதுதான் வந்து கதிரையொன்றில் சாய்ந்திருந்தார். "நீ போ தம்பி. நானும் மாமன் முறைதானே, நான் நிக்கிறன். உங்கட விளையாட்டிலை ஆள் மாத்திறேல்லையோ?"

மைதிலி குத்துவிளக்கின் திரியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தாள். மதிசுதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கார்த் திறப்போடு வெளியே போனான். கோபத்தில் வண்டியை எடுத்துவிடுவானோ என்று நானும் பின்னால் ஓடினேன். அவன் கிறவுசெயுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"என்னால் நேரத்துக்கு வர முடியாது. லியோன் தொடங்கட்டும்... இல்லை, இங்கே வேறு ஆளைப் போட முடியாது. அங்கே எனக்குப் பின்னால் லியோன் இருக்கிறான். இங்கே நான் மட்டும்தான்."

நான் உள்ளே வந்து மைதிலியிடம் சொன்னேன். அலங்கார அறைக் கதவு திறந்தேதான் இருந்தது.

"பிறின்சி அக்கா, மிச்சப் பூ வேண்டாம்" என்றபடி ஆதிரை எழுந்து வந்துவிட்டாள்.

"அரைவாசித் தலையோடை எங்கையடி போறாய்?" என்றாள் பிறின்சி.

"படத்திலை முன்பக்கந்தானே தெரியும். மாமாவுக்கு மட்ச் இருக்கு. வாங்கோ மாமா."

மைதிலி திட்டினாள், ஐயர் சிரித்தார், படம் பிடிப்பவர் கமெராவோடு விழுந்தடித்து ஓடிவந்தார். அப்படியும் எல்லாம் முடிய ஒன்றரை ஆகிவிட்டது. பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்த மண்டபத்தின் நடுவே, என் மகளின் கையைப் பிடித்து அவன் அவசரமேயில்லாமல் நடந்துவந்தான். தேங்காயை ஒரே அடியில் பிளந்தான். அதன் பிறகுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

அவன் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. சந்தனப் பொட்டைத் துடைக்க மறந்து தலைக்கவசத்தை மாட்டியிருக்கிறான். கடைசிப் பகுதியில்தான் கிறவுசெ இறக்கினார். முதல் தடவை எதிரணித் தடியன் ஒருவன் இவன்மேல் ஏறிப் போனான். அடுத்த தடவை அவனையே பிடித்து விழுத்தினான். ஆனால் லியோன் அதற்கு முன்பே நன்றாக விளையாடி முடித்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை பலகையில் மேலே லியோன், அதற்குக் கீழே மதிசுதன்.

எனக்குத்தான் கோபம். "லியோன் கெட்டிக்காரன் அத்தான். அவன் அங்கை நிண்டவன், நான் நிக்கேல்லை" என்றான். அன்றைக்கு மைதிலி போட்ட சோற்றில் பாதியை மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழும்பினான்.

வைகாசியில் முதல் போட்டி. "எல்லாரும் வாங்கோ. ஒரு மணிக்கு ஆட்டம்" என்று சொல்லியிருந்தான். நாங்கள் ரோல்ஸ் பொரித்து, மைதிலி சேலை மாற்றி, போய்ச் சேர மூன்றாகப் பத்து நிமிடம். "முடிஞ்சுதோ?" என்று அவள் மூச்சிரைக்க ஓடினாள். வீரர்கள் இன்னும் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மதிசுதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூண்டுக்குத்தான் அக்கா."

"கள்ளா! எங்களுக்கே நேரம் மாத்திச் சொல்லுறியோ?"

"நீங்கள்தானே பழக்கினது."

லியோன்தான் தொடங்கினான். இரண்டாம் பகுதியில் மூச்சு வாங்கி அவன் கையைத் தூக்க, மதிசுதன் வாங்கிலிருந்து எழுந்து ஓடினான். நான் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். குனிந்து நிற்பதற்கு முன் அவன் ஒருதரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று ஆதிரை கத்தினாள்.

அவன் அதற்கு முன்பே இடப்பக்கம் பாய்ந்திருந்தான்.