ஜோயலின் மஞ்சள் கொன்றை

பாபநாசத்துக்கு மேலே, மழைக்காட்டின் ஓரத்தில், அந்தக் காட்டையே அழிக்கும் மரத்தை நான் தெரிந்தேதான் நட்டேன். அறியாமல் நேர்ந்த பிழை என்று எண்ணிவிடாதீர்கள்! ஓய்வு பெறும்வரை பாளையங்கோட்டையில் தாவரவியல் கற்பித்தவன் நான்.

எங்கள் ஒரே மகன் ஜோயல் விபத்தில் போனபின் என் மனைவி எஸ்தர் சோற்றைத் தொடவில்லை. அவன் பெயரில் ஒரு காடு வளர்க்கலாம் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். நண்பர் ஒருவர் தாம் கைவிட்ட ஏலத்தோட்டத்தைக் கொடுத்தார். அந்த மண்ணுக்குரிய நாங்கு மரம் நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். அதுவரை இவள் இருப்பாளா?... அயல்நாட்டு மஞ்சள் கொன்றையை நட்டேன். கிடுகிடுவென வளர்ந்தது, பூத்தது. எஸ்தரும் பிழைத்துக்கொண்டாள்.

பிறகு அது வேலி தாண்டிக் காட்டுக்குள் போயிற்று. அதன் அடர்த்தியில் காட்டுக் கன்று எதுவும் தலைதூக்குவதில்லை. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. அந்தக் காடு மழையைப் பிடித்துவைப்பதால்தானே கோடையிலும் தாமிரபரணி ஓடுகிறது? அந்த நீரைத்தான் நானும் குடிக்கிறேன்... வெட்கமில்லாமல்!

சென்ற ஆண்டு, வனத்துறையில் இருக்கும் என் பழைய மாணவன் அங்கே வந்தான். எஸ்தர் ஒரு மரத்தைத் தடவியபடி நின்றிருந்தாள்.

“சார், இது காட்டுக்கு ஆகாத மரம்னு சொல்லுதாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வெட்டிருதோம்.”

எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள்.

“இது நம்ம கொன்னைதாம்லே. ஒண்ணும் செய்யாது” என்றேன்.

அவன் நம்பிவிட்டான். வகுப்பில் நான் சொன்ன எதையும் அவன் சந்தேகித்ததில்லை.

எத்தனை முறை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்! சொன்னால் மகனை அவள் இன்னொரு முறை புதைக்க வேண்டும். சொல்லாவிட்டால் காடு போகும். இதில் எது சின்னப் பாவம்? நீங்களாவது... வேண்டாம், சொல்லாதீர்கள்.

இன்று எங்கள் திருச்சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை. அம்பை, கல்லிடைக்குறிச்சி, களக்காடு என்று மலையடி ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அந்த மரத்தின் விதைகளை எடுத்துவந்து மாடியில் வளர்த்த கன்றுகளை, ஜோயலின் நினைவாக, எஸ்தர் அவர்களுக்குக் கொடுக்கப்போகிறாள். வாசலில் ஆட்டோ நிற்கிறது.

“பைய தூக்குங்க. பிள்ளைக்கு வேரு அலுங்கிரக் கூடாது” என்கிறாள்.

தூக்கிக்கொண்டு அவள் பின்னால் படியிறங்குகிறேன்.